எதிர்வீட்டு யாருபாத்தா

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்று வளர்த்தது ஐந்து. இந்தப் பாம்பன் கரையில் எத்தனையோ தினுசு ஆட்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் சூரியன் உதித்துவிட்டது என்றாலும் “யாரு பாத்தா?” என்று கேட்கக்கூடிய பிறவி எதிர்வீட்டுப் பெண் ஒருத்திதான். தெருவே அவளுக்கு ‘யாருபாத்தா’ என்று பேர் வைத்துவிட்டது. பெற்றவளும் அப்படிக் கூப்பிட்டுத்தான் சோறு போட்டாள்.

ராமநாதபுரத்துக் காலேஜில் இங்கிலீசும் பத்திரிகை எழுத்தும் படித்தாள். ஒரு சேதி என்றால் நேரில் பார்த்த ரெண்டு பேராவது சொல்லவேண்டும், அவர்களையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். மற்ற பிள்ளைகள் அதைப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்திருக்கும். இவள் பஸ்ஸில் ஏற்றித் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அவளைப் பெண் கேட்டு ஒரு தரகர் வந்தார். “மாப்பிள்ளை குடிக்கவே மாட்டாரு” என்றார்.

“யாரு பாத்தா?”

“நானே பாத்தேன் தாயி.”

“குடிக்காததை எங்கன வச்சுப் பாத்தீக?”

தரகர் யோசித்துவிட்டு, “கடைக்குள்ளதான்” என்றார். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

என்னையும் விடவில்லை. என் மீன்குழம்புக்கு இந்தக் கரையில் ஈடு கிடையாது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். உள்ளதைத்தான் சொன்னேன். “ரெண்டாவது ஆளு யாரு அப்பத்தா?” என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் நாலாவது மகன் முருகேசனைக் காட்டினேன். அவன் தலை நிமிராமல், “ஆத்தா போனதும் தனியா வந்து கேளு” என்றான். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு வந்த கோபம் ஒரு வாரம் தணியவில்லை.

அந்த முருகேசன்தான் அடுத்த தெருக்காரர் இருவரோடு நாட்டுப்படகில் போனான். காற்று திரும்பிவிட்டது. மறுநாள் மீன் ஏலம் விடுகிறவர் வந்து, படகு கவிழ்ந்து மூன்று பேரும் போய்விட்டார்கள் என்றார். மூன்று வீட்டிலும் ஒப்பாரி. என் மருமகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

காலேஜ் பையோடு இவள் வந்து நின்றாள்.

“யாரு பாத்தா?”

“போன்ல சொன்னாக” என்றார் ஏலக்காரர்.

“சொன்னவரு பாத்தாரா?”

“அவருக்கும் யாரோ சொல்லித்தான்…”

“அப்ப அக்கா தாலியில யாரும் கை வைக்கக் கூடாது.”

“ஏ புள்ள, இது ஒன் காலேஜ் பாடமில்ல” என்று என் கொழுந்தனார் அதட்டினார். அவள் அசையவில்லை. கரையோரத்து ஊர்களுக்கெல்லாம் போன் போட்டாள். தொண்டி ஆஸ்பத்திரியில் ரெண்டு பேர் உயிரோடு கிடப்பதாக ஒருவர் சொன்னார். எந்த ரெண்டு பேர் என்று அவருக்குத் தெரியவில்லை. தன் அய்யாவைக் கூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினாள். மூன்று வீட்டிலும் அழுகை நின்றது. மூன்று வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

அடுத்த தெருவுக்குப் போன் வந்தது. ஒரு வீட்டுக்கு, பிறகு இன்னொரு வீட்டுக்கு. எனக்கு வரவில்லை. அவளே வந்தாள். தரையில் என் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தாள்.

“அப்பத்தா, ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேட்டேன். ரெண்டு பேரும் நேர்ல பாத்திருக்காக. கவுந்த படகை மூணு பேரும் பிடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்காக. விடியக்குள்ள முருகேசன் மாமாவுக்குக் கை தளந்துருச்சு.”

இதைப் போனில் சொல்லிவிட்டு அங்கேயே இருந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அத்தனை தூரம் அதைச் சுமந்துகொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு முன்னால் அவள்தான் அழுதாள்.

இப்போது மதுரையில் ஒரு பத்திரிகையில் இருக்கிறாள். முருகேசன் திதிக்கு லீவு போட்டு வந்துவிடுவாள். முருகேசன் மகளும் இந்த வருசம் அதே படிப்பில் சேர்ந்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அந்தப் பேத்திதான்.

ஏத்தா, கண்ணத் தொடச்சுக்கிட்டு முதல்ல இருந்து ஒருதரம் வாசி. யாருபாத்தா பாக்கப்போறா, பிசகு இருந்தா அவ மனசு தாங்காது.