டாமுக்கு ரேவதி நட்சத்திரம்

"டாமுக்கு இப்ப எப்பிடி இருக்குது? காய்ச்சல் எறங்கிச்சா இல்லியா?"

தறியில் உட்கார்ந்தபடியே அம்சவேணி கேட்டாள். கேட்டவள் நூல் ஓடும் நாடாக்கட்டையை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வீரபாகு கையிலிருந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்தார். பதினாலாம் பாடம், பக்கத்தின் கடைசி வரி. அந்த வரியில் டாம் செத்துப்போயிருந்தான்.

"சொல்லுங்களேன்."

"எறங்கிடுச்சி" என்றார் வீரபாகு. "வேர்த்துக் கொட்டி எறங்கிடுச்சி. எழுந்து உக்காந்து கஞ்சி குடிக்கிறான்."

"வெள்ளக்காரன் ஊட்ல ஏது கஞ்சி?"

"கஞ்சின்னா... அவங்க ஊர்க் கஞ்சி. பால் ஊத்திக் காய்ச்சறது."

"உப்பு போட்டாங்களாமா?"

"அதெல்லாம் புக்ல போடலமா."

அம்சவேணி அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நாடாவை எறிந்தாள். தறி மறுபடியும் தட்ட ஆரம்பித்தது. வீரபாகு புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனிதர் இங்கிலீஷ் படிக்க உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் வீரபாகு பதின்மூன்று வருஷமாகப் பியூன். முழங்கால் வலி வந்து தறியில் உட்கார முடியாமல் போனதால் அந்த வேலைக்குப் போனவர். அவருடைய தறியில் இப்போது அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். சங்கத்தில் கிளார்க்காக இருந்தவர் அந்த வருஷம் மாசியோடு ரிட்டயர் ஆகப்போகிறார் என்றதும் செக்ரட்டரி பரசுராமன் வீரபாகுவைக் கூப்பிட்டார்.

"டில்லியிலேர்ந்தும் கல்கத்தாவிலேர்ந்தும் இங்கிலீஷ்ல லெட்டர் வருது. படிச்சிப் புரிஞ்சிக்கிற ஆளு வேணும். வெளியாளு நாலு பேரு அப்ளிகேஷன் போட்டுக்கினு நிக்கிறான். நீ பழைய ஆளாச்சேன்னு மொதல் சான்ஸ் உனக்குத் தரேன். இந்தப் புக்லேர்ந்து ஒரு பாடம் தருவேன். படிச்சிட்டு கேள்விக்குப் பதில் எழுதணும். அவ்வளவுதான்."

அட்டை போன ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். தபால் ஆபீசில் ஒரு நாள், துணி துவைக்கும் நாள், சந்தைக்குப் போவது என்று தினப்படி விஷயங்களாக ஐம்பது பாடம். பாடத்துக்கு ஐந்து கேள்வி. முதல் பதினாலு பாடம் முழுக்க டாம் என்ற ஏழு வயதுப் பையனும் அவன் அம்மாவும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த தேவசகாயம், வீரபாகுவோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர். சாயங்காலம் அரைமணி நேரம் பாடம் சொல்லித்தர ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

"இங்க படிக்கிறத ஊட்ல போயி யாருக்குனா தமிழ்ல சொல்லுபா. சொல்ல வந்தாத்தான் உனக்குப் புரிஞ்சிருக்குதுன்னு அர்த்தம்."

வீட்டில் இருந்தது அம்சவேணி ஒருத்திதான். ஆகவே அவளுக்குச் சொன்னார். டாம் சந்தைக்குப் போய் முட்டைக் கூடையைக் கீழே போட்டான். டாம் நாய்க்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித் தானும் நனைந்தான். டாம் மாமாவுக்கு எழுதிய கடிதத்தில் ஸ்டாம்பை ஒட்டாமல் நாக்கிலேயே ஒட்டவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அதைச் சொன்ன அன்றைக்கு அம்சவேணி சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். வீரபாகு புத்தகத்தை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்படிச் சிரித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

பதினாலாம் பாடத்துக்கு வந்தபோது தேவசகாயத்துக்கே குரல் இறங்கிவிட்டது.

"பையன் போயிடறான்பா. மூணு நாளு காய்ச்சல். சாதாரண ஜலதோஷம்னு நெனச்சிக்கினு தாய்க்காரி டாக்டரக் கூப்பிடல. நாலாவது கேள்வியப் பாரு, இதுக்குத்தான் மார்க்கு ஜாஸ்தி. யார்மேல தப்பு? 'தி மதர் வாஸ் டு பிளேம்'னு எழுதணும். தாய்மேலதான் தப்பு. மனப்பாடம் பண்ணிக்க."

வீரபாகுவுக்கு மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் மகன் ராஜவேலுவுக்கும் ஏழு வயதுதான். உடம்பு கொதித்தது, மேலெல்லாம் சிவந்தது. அம்சவேணி அம்மை என்றாள். அம்மை பார்த்த வீட்டில் டாக்டருக்கு வேலை இல்லை என்பதால் வாசலில் வேப்பிலை கட்டினாள். மரத்தில் ஏறிப் பறித்துக் கொடுத்தவர் வீரபாகு. அது அம்மை இல்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்திருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயரை வீரபாகு வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவள் நொறுங்கிப்போவாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு தாய்மேல் தப்புச் சொல்லும் பாடத்தை அவளிடம் எப்படிச் சொல்வது?

அதனால்தான் டாம் பிழைத்துக்கொண்டான்.

பிழைத்தவன் சும்மா இருப்பானா? மறுநாள் அம்சவேணி கேட்டாள்: "இன்னிக்கு டாம் இன்னா பண்ணான்?"

பதினைந்தாம் பாடம் ரயில் எஞ்சினைப் பற்றியது. அதில் டாமும் இல்லை, அவன் அம்மாவும் இல்லை. வீரபாகு டாமை அந்த ரயிலில் ஏற்றி மாமா ஊருக்கு அனுப்பினார். பதினாறாம் பாடம் விவசாயி. டாம் மாமாவிடம் ஏர் ஓட்டக் கற்றுக்கொண்டான். பதினெட்டு யானை. அதன்மேலும் டாமையே ஏற்ற வேண்டியதாயிற்று.

"வெள்ளக்காரன் ஊர்ல யானையா?"

"கோயில் யானை இல்லமா. சர்க்கஸ் யானை."

கேள்விகளைப் படிக்க வேண்டிய நேரமெல்லாம் டாமை அடுத்து எங்கே அனுப்புவது என்று யோசிப்பதிலேயே போயிற்று. இன்ஸ்டிட்யூட்டில் தேவசகாயம் தலையில் அடித்துக்கொண்டார்.

"எஞ்சின ஓட்றது யாரு?"

"டாம்."

"பால் கறக்கறது யாரு?"

"டாம்."

"டாம் எங்கப்பா வந்தான் இங்க? அவன்தான் பதினாலாம் பாடத்துலயே போயிட்டானே!"

வீரபாகு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இதற்கு நடுவே, ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்ற வரும் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் கதை கேட்க உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு கதை ஓரிடத்தில் நின்றால் பிடிக்காது.

"மாமன் ஊட்டுக்குப் போன புள்ள தாய்க்கு ஒரு லெட்டர் போடக் கூடாதா?"

டாம் லெட்டர் போட்டான்.

"வேல வெட்டி ஒண்ணும் பாக்கலியா?"

டாமுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஏழு வயதுப் பையனுக்கு ரயில்வே வேலை கொடுக்க முடியாது என்பதால் வீரபாகு ஒரே சாயங்காலத்தில் அவனுக்குப் பதின்மூன்று வயது கூட்டினார்.

"அப்ப பொண்ணு பாக்கணுமே" என்றாள் செல்லியம்மாள்.

"பாத்துக்கினு இருக்காங்கோ."

அது போதும். மறுநாள் இன்னும் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். டாம் பெண்டாட்டிக்கு முகூர்த்தப் புடவை என்ன நிறம் என்று பேச்சு வந்தது. அம்சவேணி அரக்கு என்றாள். செல்லியம்மாள் மாம்பழ மஞ்சளில் பச்சை பார்டர் என்றாள். இரண்டு பேருக்கும் குரல் ஏறியது.

"அட, அவங்க கல்யாணத்துல வெள்ளதாம்மா கட்டுவாங்கோ" என்று வீரபாகு சமாதானம் செய்யப் பார்த்தார்.

நாலு பேரும் வாயில் கைவைத்தார்கள்.

"தாலி கட்றப்பவே வெள்ளையா? அந்தப் பொண்ணு தலயெழுத்து அப்பிடி இருக்குதே!" என்று செல்லியம்மாள் ராட்டையை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் அரக்குதான் என்று வீரபாகு புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோல் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவர் விரல் வைத்திருந்த இடத்தில் கப்பல் கட்டும் விதம் எழுதியிருந்தது.

மாசி வெள்ளிக்கிழமை ஒன்றில் அம்சவேணி தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பி நின்றாள்.

"காய்ச்சல் அன்னிக்கி வேண்டிக்கினேன். அர்ச்சன பண்ணணும். நீங்களும் வாங்க."

"யாருக்கு?"

"டாமுக்குத்தான்."

காமாட்சியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். அர்ச்சகர் தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார்.

"டாமு" என்றாள் அம்சவேணி.

"யாரு?"

"டாமுங்க. டாம்."

அர்ச்சகர் வீரபாகுவைப் பார்த்தார். வீரபாகு தூணைப் பார்த்தார். பின்னால் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"சரி. நட்சத்திரம்?"

அது தெரியாது என்று சொல்ல வீரபாகு வாயெடுத்தார். அதற்குள் அம்சவேணி சொன்னாள்.

"ரேவதி."

அர்ச்சகர் ரேவதி நட்சத்திரத்தில் பிறந்த டாமுக்கு நீண்ட ஆயுள் கேட்டு மந்திரம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ராஜவேலு பிறந்த நட்சத்திரம் ரேவதி.

வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் அவர் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தார். இவள் புத்தகத்துப் பையனைத் தன் பையனோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். இனிமேல் உண்மை தெரிந்தால் ஒரு பிள்ளையை இரண்டாவது தடவை சாகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தெரியவே கூடாது. டாம் நூறு வயது இருக்க வேண்டும்.

பங்குனி பிறந்து நாலாம் நாள் சங்கத்தில் பரீட்சை. பரசுராமன் புத்தகத்தைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு நடுவில் பிரித்தார். அடிக்கடி திறந்து திறந்து அந்த இடத்திலேயே முதுகு விட்டிருந்த புத்தகம், பதினாலாம் பாடத்தில் போய் விழுந்தது.

"படி."

வீரபாகு படித்தார். ஒரு வார்த்தை தட்டவில்லை. பரசுராமன் ஆச்சரியப்பட்டுப் பக்கத்திலிருந்த சங்கத்துக் கணக்குப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பேஷ். இப்ப அஞ்சு கேள்விக்கும் பதில் எழுது. இந்த வேல உனக்குத்தான்னு நெனச்சிக்க."

முதல் மூன்று கேள்விக்கும் வேகமாக எழுதினார். பையன் பெயர் என்ன, எத்தனை நாள் காய்ச்சல், வெளியே மழையா வெயிலா. நாலாவது கேள்வியில் பேனா நின்றது. பதில் தெரியும். தேவசகாயம் சொன்ன ஐந்து வார்த்தையும் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. தாய்மேல் தப்பு என்று எழுத வேண்டும். அம்சவேணிக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்தக் காகிதத்தை அவள் பார்க்கப்போவதும் இல்லை. எழுதிவிட்டு எழுந்து போனால் அந்த நாற்காலியில் உட்காரலாம்.

கை மாட்டேன் என்றது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள், தலைமாட்டில் ஈரத்துணி மாற்றியபடி மூன்று ராத்திரி கண் மூடாமல் உட்கார்ந்திருந்தவள் கண்ணுக்குள் வந்து நின்றாள்.

வெகுநேரம் கழித்து எழுதினார்: 'நாட் மதர். நோபடி.'

ஐந்தாவது கேள்வி, கடைசியில் பையன் என்ன ஆனான் என்பது. அதற்கு அவர் தயங்கவே இல்லை. 'டாம் ஈஸ் வெல். டாம் மேரேஜ் இன் வைகாசி.'

பரசுராமன் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இன்னாய்யா இது? புக்ல பையன் செத்துட்டான்னு அச்சடிச்சி வச்சிருக்குது. நீ கல்யாணம் பண்ணி வச்சிருக்கிறியே! கிளி மாதிரி படிச்சியே தவிர ஒரு எழவும் புரியல உனக்கு."

"புரிஞ்சிதுங்க" என்றார் வீரபாகு.

அது யார் காதிலும் விழவில்லை. அடுத்த திங்கட்கிழமை வாலாஜாபாத்திலிருந்து ஒரு பி.ஏ. பையன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு முதல் டீயை வாங்கிவந்து வைத்தவர் வீரபாகு.

அன்று சாயங்காலம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார். தேவசகாயத்துக்கு ஏற்கெனவே சேதி எட்டியிருந்தது. கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"எவ்வளவு தபா சொன்னேன்! அந்த ஒரு பாடத்த திருப்பித் திருப்பிப் பத்து வாட்டி நடத்தினேனேபா! பதில் தெரியாமயா எழுதின?"

"தெரிஞ்சிதான் எழுதினேன்."

"பைத்தியமா உனக்கு?"

வீரபாகு பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு முதல் தடவையாக வாய் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். வேப்பிலையைச் சொன்னார், நாலாம் நாளைச் சொன்னார். கஞ்சி, ரயில், அரக்குப் புடவை, அர்ச்சனை எல்லாம் சொன்னார். ராஜவேலு என்ற பெயரைச் சொல்லும்போது மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"தாய்மேல தப்புன்னு என் கையால எப்பிடி எழுதுவேன், தேவசகாயம்? டாம் செத்துட்டான்னு தெரிஞ்சாலே அம்சா தாங்காது. அதுக்காகத்தான் இத்தன பொய்யும்."

தேவசகாயம் உள்ளே தட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். மிஷின்கள் ஓய்ந்ததும் வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கஞ்சி குடிக்கிறான்னு நீ சொன்னதுக்கு மறுநாளே, நீ ஆபீஸ் போயிருக்கறப்ப, உன் சம்சாரம் அந்தப் புக்க எடுத்துக்கினு இங்க வந்துச்சிபா; அந்தப் பாடத்து அஞ்சு கேள்வியும் பதிலும் தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேட்டுட்டு, 'நான் வந்தத அவருகிட்ட சொல்லிடாதீங்க, புள்ள போனதுலேர்ந்து அவரு புள்ளயப் பத்தி வாயே தொறக்கல, இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காரு'ன்னு சொல்லிட்டுப் போச்சு."