கடமான் ருசி பார்த்த வட்டக்கொடி

ஒரு காட்டில், உச்சி வெயிலிலும் வாயைத் திறந்தால் ஆவி பறக்கிற உயரத்து மலைக்காட்டில், காதாயி என்று ஒரு முயல் இருந்தாள். அவளுக்கு ஆறு குட்டிகள். வீடு என்பது ஒரு வளை. அந்த வளைக்கு மேலே பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு துண்டுத் தோட்டம்.

தை மாதத்தில் வனப்பூ அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. தோட்டம் வைத்திருக்கிற எல்லோரும் வெளிநாட்டிலிருந்து வந்த புதுக்கொடி ஒன்றை வளர்க்க வேண்டுமாம். சித்திரையில் வந்து பார்ப்பார்களாம். பூ இல்லாத நிலத்தை அலுவலகம் எடுத்துக்கொள்ளுமாம். நிலம் போனால் அதன் அடியில் இருக்கிற வளையும் போகும். 

காதாயி விடியலிலேயே அலுவலகத்துக்குப் போய் விதைக்கு வரிசையில் நின்றாள். ஆதார் கேட்டார்கள், காட்டினாள். காதோடு சேர்த்து எடுத்த போட்டோ கேட்டார்கள், கொடுத்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் பத்து விதை கையில் விழுந்தது. பட்டாணி அளவு, சுருங்கிப்போன விதை. பாக்கெட்டின் மேல் நஸ்டர்ஷியம் என்று போட்டிருந்தது. அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்த நரிக்கு நாக்குச் சுளுக்கிக்கொண்டது. பாக்கெட் படத்தில் தாமரை இலையைக் குட்டியாக்கின மாதிரி இலை இருந்ததால் காட்டில் எல்லோரும் வட்டக்கொடி என்றே சொல்லிவிட்டார்கள்.

காதாயியிடம் ஒரு போன் உண்டு. அதில் எல்லா வீடியோவும் பார்த்தாள். விதையை ஊறவைத்தாள். மண்ணைச் சல்லடையில் சலித்தாள். காட்டெருமை போன வழியெல்லாம் பின்னாலேயே போய்ச் சாணம் அள்ளி வந்தாள். உறைபனி விழுகிற நாளில் பெரணி இலை வெட்டி வந்து போர்த்திவிட்டாள். சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி வந்தால் ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தாள். ரோட்டோரம் கிடந்த பழைய பால் கேனைத் தேய்த்துக் கழுவி, ஓடைக்குப் போய் நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் சுமந்தாள்.

பக்கத்துத் தோட்டம் ஈட்டியப்பன் என்கிற முள்ளம்பன்றியுடையது. தோட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ரோடு போட்டபோது கொட்டிவிட்டுப் போன ஜல்லிமேடு அது. ஈட்டியப்பனுக்குக் குனிந்தால் முதுகு முள் கழுத்தைக் குத்தும். அதனால் விதையை நின்றபடியே வீசி, குதிகாலால் ஒரு மிதி மிதித்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டான்.

"மாமா, உங்களுக்குப் பயமே இல்லையா? நிலத்தை எடுத்துக்குவாங்களாமே!" என்றாள் காதாயி.

"அது செடிம்மா. அதுக்குத் தெரியும் என்ன பண்ணணும்னு."

"தண்ணியாவது விடலாம்ல?"

"மேகம் வந்து மேலேயே உட்காந்திருக்கு. இந்த மலையில தண்ணி சுமக்கிற ஒரே ஆளு நீதான். கேனைக் கீழ வை, இடுப்பு போயிடும்."

பங்குனி வந்தது. காதாயியின் கொடி தளதளவென்று வளர்ந்தது. ஒவ்வொரு இலையும் ஒரு குடை. மழை வந்தால் ஆறு குட்டிகளும் ஆளுக்கொரு இலைக்கடியில் போய் நின்றுகொள்ளும். ஆனால் பூ? மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

ஜல்லிமேட்டில் பார்த்தால் இலை சின்னச் சின்னதாக, காசு மாதிரி. அதற்கு நடுவே ஆரஞ்சும் மஞ்சளும் சிவப்புமாய்ப் பூவோ பூ. மேடு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருந்தது. ஈட்டியப்பன் அதற்கு நடுவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

காதாயி ஓடிப்போய் அவனை எழுப்பினாள். "மாமா, என்ன போட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"ஒண்ணும் போடலை. அதான் பூத்திருக்கு. நீ வேளாவேளைக்கு ஊட்டி ஊட்டி அதைச் சோம்பேறியாக்கிட்டே. அது இலையைப் பரத்திப் போட்டுட்டு சுகமா உக்காந்திருக்கு. பட்டினி போடு, தானா பூக்கும்."

"சோம்பேறியைப் பத்தி யாரு பேசறது!" என்று காதாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை பெற்றவளிடம் போய்ப் பட்டினி போடு என்றால் கேட்பாளா? அன்றைக்கு இன்னும் இரண்டு கூடைச் சாணம் வைத்தாள். அடுத்த நாள் இலை இன்னும் பெரிதாயிற்று.

சித்திரை பிறந்தது. ஆய்வுக்கு வந்தார் அதிகாரி கிளைக்கொம்பர். பெரிய கடமான். அவர் கொம்பில் தொங்குகிற பையில் படிவக் கட்டு. தோளில் ஒரு மைனா. மைனாவின் வேலை போனில் படம் எடுத்து, எந்த இடம், எத்தனை மணி என்று பதிவாகும்படி அலுவலகத்துக்கு அனுப்புவது.

முதலில் ஜல்லிமேடு. கிளைக்கொம்பர் அசந்துபோனார். "அடேங்கப்பா! முதல் பரிசு இதுக்குத்தான். எடு படத்தை."

"நெட்வொர்க் வரலைங்கய்யா," என்றது மைனா.

"வரட்டும், நிப்போம்."

நின்றார். எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பது? அதிகாரியானாலும் மான் மான்தானே. ஒரு பூவைக் கிள்ளி வாயில் போட்டார். இனிப்பாக இருந்தது. இன்னொன்று. லேசாகக் காரம், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மைனா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் தாவியது. அது மூன்றாவது மரத்திலிருந்து "வந்திருச்சுய்யா!" என்று கத்தியபோது மேட்டில் மொட்டைக் காம்புதான் நின்றது. பச்சை விதையைக்கூட மென்றுவிட்டிருந்தார்.

மைனா படம் எடுத்தது. "பூ இல்லைன்னு எழுதட்டுங்களா?"

ஈட்டியப்பனுக்குத் தூக்கம் போனது. "ஐயா! நீங்கதானே தின்னீங்க!"

"தின்னேனா? மரியாதையாப் பேசு. ருசி பார்ப்பது ஆய்வில் ஒரு பகுதி. படிவத்தில் ஏழாவது கட்டம். மைனா, எழுது. ருசி: மிக அருமை. பூ: இல்லை."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. அந்தப் பச்சை விதை இருக்கிறதே, மிளகுக்கு அண்ணன். தொண்டையில் பிடித்தது, காதில் ஏறியது, கொம்பு நுனிவரை எரிந்தது. "தண்ணி! தண்ணி!" என்று குதித்தார்.

ஈட்டியப்பனிடம் ஏது தண்ணீர்? அவன் பிறந்ததிலிருந்து செடிக்குத் தண்ணீர் விட்டதில்லை.

கிளைக்கொம்பர் வேலியைத் தாண்டி காதாயி தோட்டத்தில் வந்து விழுந்தார். அங்கே பால் கேன் நிறையத் தண்ணீர். தலையை உள்ளே விட்டு ஒரே மூச்சில் குடித்தார். காதாயி ஓடைக்கு ஓடி அதே கேனை மறுபடி நிரப்பிக் கொண்டு வந்தாள். அதையும் குடித்துவிட்டு, பெரிய வட்ட இலை நிழலில் சாய்ந்து, "தாயே, நல்லா இரு," என்றார்.

காதாயி ஆறு குட்டிகளையும் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

மைனா தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்தது. "ஐயா, இங்க பூவே இல்லைங்க. எல்லாம் இலை."

"இலையா? எது இலை?"

"இதோ, பச்சையா, வட்டமா..."

"நீ எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தே? பச்சை நிறத்துல பூ பார்த்ததில்லையா? எழுது. பூ: ஏராளம். நிறம்: பச்சை. ருசி: பார்க்கத் தேவையில்லை."

கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். கிளம்பினார்.

பூ இல்லை என்று எழுதியாகிவிட்டதால் ஜல்லிமேட்டை அலுவலகம் எடுத்துக்கொண்டது. ஈட்டியப்பன் முள்ளைச் சுருட்டிக்கொண்டு அதை விட்டு இறங்கினான். காதாயிக்கு மனசு கேட்கவில்லை. "மாமா, இப்படி வாங்க. இலைக்கடியில நிறைய இடம் கிடக்கு. குட்டிங்க பக்கம் மட்டும் முதுகைத் திருப்பாதீங்க," என்றாள்.

"வரேன். ஆனா தண்ணி சுமக்கச் சொல்லக்கூடாது," என்றான் ஈட்டியப்பன்.

"மூணு தடவைல ஒரு தடவை நீங்க," என்றாள் காதாயி. அவன் முணுமுணுத்துக்கொண்டே கேனைத் தூக்கினான்.

அடுத்த சித்திரையில் காடு முழுக்கப் பச்சைப் பூதான். ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் ஒரு கேன். ஆளில்லாத ஜல்லிமேட்டில் மட்டும், போன வருஷம் கடமான் வாயிலிருந்து சிந்தின விதை தானாக முளைத்து, மறுபடியும் தீப்பிடித்த மாதிரி பூத்துக் கிடந்தது. அனுமதி இல்லாமல் பூத்ததற்காக அதன்மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நீதி: பூத்தால் தின்றுவிடுவார்கள். இலையோடு நிறுத்திக்கொண்டு, வாசலில் ஒரு கேன் தண்ணீர் வையுங்கள்.