நாலு சிலிண்டருக்கு இழுவை போதவில்லை

"கல்லை வை! கல்லை வை!" என்று பிக்கப்காரர் வண்டிக்குள்ளிருந்து கத்தினார்.

மனைவி ஏற்கெனவே பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்துவிட்டிருந்தாள். மலை ஏற ஆரம்பித்த இரண்டு கிலோமீட்டரில் இது நான்காவது தடவை. முதல் தடவைதான் கல்லைத் தேட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அதே கல்லை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்து வந்தாள்.

அன்று அவர்களுடைய ஒன்பதாவது கல்யாண நாள். மலை மேல் இருக்கும் ஏரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், ஒன்பதாவது வருடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். போகிற வழிதானே என்று, மேலே கட்டிக்கொண்டிருந்த ஹோட்டலுக்குப் பன்னிரண்டு வெஸ்டர்ன் டாய்லெட்டுகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

ஒரு பஸ் அவர்களைத் தாண்டிக்கொண்டு போனது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "என்னண்ணே, பிக்கப்புல பிக்கப் இல்லையா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கும் நேரத்தில் டாய்லெட்டுகளைப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சிரித்தது.

மனைவியும் சிரித்தாள். சாலையோரக் கட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வாங்க, எஞ்சின் ஆறட்டும். இப்படி வந்து உக்காருங்க. காத்து ஜில்லுனு வருது. இங்கருந்தே ஏரி தெரியுது பாருங்க" என்றாள்.

"அது கல்குவாரித் தண்ணி" என்று பானெட்டுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"இருக்கட்டுமே. தண்ணிதானே?"

பிக்கப்காரர் நிமிர்ந்தார். முகத்தில் கிரீஸும் அவமானமும் சரிபாதியாக இருந்தன. "பத்தே நாள் டைம் குடு. இதே மேட்டுல, மூணாவது கியர்ல, உன்னை ராணி மாதிரி கூட்டிட்டுப் போகலன்னா நான் ஸ்டியரிங்கைத் தொடல."

"ராணியெல்லாம் வேணாங்க. வாரத்துல ஒரு நாள் பகல்ல வீட்ல இருந்தீங்கன்னா போதும்."

விடிவதற்குள் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிற மனிதரிடம் இது நியாயமான கோரிக்கைதான். ஆனால் அந்தச் சமயம் அவர் எஞ்சின் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் இருவருமாக மைத்துனனின் ஷெட்டுக்குப் போனார்கள். மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி, மெக்கானிக். அடுத்த அறையில் அவன் மனைவி பஞ்சர் கடை வைத்திருந்தாள். டயரை ரிம்மிலிருந்து கழற்றுகிற அதே வேகத்தில் உண்மையையும் கழற்றி வெளியே போடுகிறவள் என்பதால், வாடிக்கையாளர் வந்தால் மைத்துனன் அவளைப் பேச விடுவதில்லை.

மைத்துனன் எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டான். "அட, இதுக்கா மாமா இவ்வளவு..." என்று ஆரம்பித்தான்.

"தம்பி, ஒரு நிமிஷம் இங்க வா" என்றாள் மனைவி.

அக்காவும் தம்பியும் ஓரமாகப் போய் ஏதோ குடும்ப விஷயம் பேசினார்கள். பிக்கப்காரர் அந்த இடைவெளியில் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தார். 'சின்ன எஞ்சினுக்குள் தூங்கும் சிங்கம்' என்று அதற்குப் பெயர்.

திரும்பி வந்த மைத்துனன் தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் பெரிய வேலை மாமா. பத்து நாள் ஆகும். நீங்க வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க."

"வீட்ல இருந்து என்னடா பண்றது?" என்று பிக்கப்காரர் கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். "நானும் இங்கயே இருக்கேன். எஞ்சினுக்கு மூச்சு முட்டுதாம் மாப்ள. முதல்ல ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கு."

"அதெல்லாம் எதுக்கு மாமா..."

"நீ வீடியோ பாத்தியா? நான் பாத்தேன்."

பெட்டி போனது. அந்த இடத்தில் திறந்த ஃபில்டர் ஒன்று வந்தது. எஞ்சின் தாராளமாக மூச்சு விட்டது. சோதனை ஓட்டத்தில் தெருப் புழுதியையும், ஒரு பாலித்தீன் பையையும், ஒரு கல்யாணப் பத்திரிகையின் முன்பக்கத்தையும் சேர்த்து மூச்சிழுத்தது. திரும்பும்போது தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்.

"உள்ள போன காத்து வெளியே போக வேணாமா? சைலன்சரை மாத்து" என்றார் பிக்கப்காரர்.

பெரிய குழாய் மாட்டினார்கள். வண்டியின் வேகம் கூடவில்லை. ஆனால் கூடினால் எப்படிச் சத்தம் வருமோ அப்படிச் சத்தம் வந்தது. இந்த வித்தியாசம் பிடிபட அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அந்தத் தெருவின் பள்ளிக்கூடம் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்தப் பழகிவிட்டது.

அடுத்தது டீசல் பம்ப். "ஸ்க்ரூவை அரை சுத்து ஏத்து. தீனி போட்டாத்தானே இழுக்கும்."

அரைச் சுற்று ஏற்றியதும் கறுப்புப் புகை கிளம்பியது. மூன்று தெருவுக்குக் காயப்போட்ட துணி நிறம் மாறியது. மறுநாள் மதியம் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு ஒரு சட்டையையும் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள்.

"இது உங்க வெள்ளைச் சட்டைதானான்னு பாத்துச் சொல்லுங்க."

"பட்டனைப் பாத்தா என்னுதுதான்."

அவள் ஒரு மருந்துக்கடையில் மதியம் வரை வேலை பார்த்தாள். இப்போது வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. வேலை முடிந்ததும் கேரியரோடு நேராக ஷெட்டுக்கு வந்துவிடுவாள். அவர் ஒரு கையில் சாப்பிடுவார். இன்னொரு கையில் ஸ்பேனர் இருக்கும்.

"சாயங்காலம் சீக்கிரம் வர்றீங்களா? சும்மா கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்."

"பவர் வரட்டும். நடக்கிறதென்ன, பறக்கலாம்."

பத்து நாள் இரண்டு மாதமானது. "மாமா, பேசாம எல்லாத்தையும் பழையபடி மாட்டிடலாம்" என்று மைத்துனன் கெஞ்சினான்.

"பாதிக் கிணறு தாண்டிட்டு என்னடா பேச்சு இது?" என்ற பிக்கப்காரர், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பச்சைக் குழந்தையைப் போல லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"அடியைச் சீவி விடுங்க. கம்ப்ரெஷன் ஏறணும்."

"எவ்வளவு சீவணும்?" என்றார் லேத்காரர்.

"எவ்வளவு சீவலாம்?"

"சீவலாம்னு இறங்கிட்டா முழுசாவே சீவலாம். அப்புறம் வண்டிக்குன்னு ஒண்ணு மிஞ்சணும்ல?"

அளவாகத்தான் சீவினார். ஆனாலும் எஞ்சின் உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல டொக்கு டொக்கென்று தட்ட ஆரம்பித்தது. நான்காம் நாள் ஹெட்டை அடைக்கும் கேஸ்கெட் தகடு கருகிப்போய், தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலந்து உறவாகிவிட்டன. ஆயில் கேஜைத் தூக்கிப் பார்த்தால் பால் அதிகமாகிப்போன டீ மாதிரி இருந்தது.

மற்றவர்களாக இருந்தால் இங்கே நிறுத்தியிருப்பார்கள். பிக்கப்காரர் டர்போ வாங்கினார். விபத்தில் நசுங்கிய ஒரு பெரிய வேனிலிருந்து எடுத்தது. அது பானெட்டுக்கு அடியில் அடங்கவில்லை. எனவே பானெட்டில் ஓட்டை போட்டார்கள். நான்காவது மாதத்திலிருந்து அவருடைய படுக்கையும் ஷெட்டுக்கே வந்துவிட்டது. போய் வருகிற நேரம் மிச்சமாகும் என்றார்.

டர்போ வேலை செய்தது. அதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. எஞ்சினுக்கு நிஜமாகவே பலம் வந்தது. வந்த பலத்தைக் கிளட்ச் பிளேட்டால் தாங்க முடியவில்லை. மலை அடிவாரத்தில் எஞ்சின் வானம் கிழிய உறுமியது. வண்டி நின்ற இடத்தில் நின்றது. நடந்துபோன ஒருவர் ஒதுங்கி வழிவிட்டு, வெகுநேரம் காத்திருந்து, அப்புறம் தானே நடந்து போய்விட்டார்.

"கிளட்ச் தாங்கலன்னா எடையைக் குறை" என்றார் பிக்கப்காரர்.

ஸ்டெப்னி போனது. பின் கதவு போனது. ரேடியோ போனது. மதியம் கேரியரோடு வந்த மனைவி வண்டியின் கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இங்க ஒரு சீட்டு இருந்துச்சே?"

"பதினாலு கிலோ!" என்றார் அவர் பெருமையாக. "சீட்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். அத்தனையும் இரும்பு."

"அப்போ நான் எங்க உக்கார்றது?"

"யாருக்காகப் பண்றேன்னு நினைக்கிற? எல்லாம் உனக்காகத்தான். முதல்ல பவர் வரட்டும், அப்புறம் நீ."

பஞ்சர் கடையிலிருந்து மைத்துனனின் மனைவி எட்டிப் பார்த்து, "அண்ணா, நான் ஒண்ணு சொல்லட்டா..." என்றாள்.

"நீ போய் டியூபைப் பாரு" என்றான் மைத்துனன்.

மனைவி கேரியரைப் பெஞ்சில் வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். மறுநாளிலிருந்து கேரியர் மைத்துனன் கையில் வந்தது. அதைக் கவனிக்கவே பிக்கப்காரருக்கு இரண்டு வாரம் பிடித்தது. கவனித்ததும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே கியர்பாக்ஸை இறக்கினார்.

எட்டாவது மாதம் ஒரு பிற்பகலில் போல்ட்டெல்லாம் தீர்ந்து, கழற்ற வேறெதுவும் இல்லாமல் போனது. சுவரோரம் கிடந்த அந்தப் பதினாலு கிலோ சீட்டில் போய் உட்கார்ந்தார். முதல்முறையாக அதில் உட்கார்கிறார். நன்றாகத்தான் இருந்தது.

"மாப்ள, தப்புப் பண்ணிட்டேன்டா."

"விடுங்க மாமா."

"அன்னிக்கு அந்தச் சுவத்துல உக்காந்துக்கிட்டு வான்னு கூப்பிட்டா. போய் உக்காந்திருக்கலாம். எஞ்சின் ஆற அரை மணி நேரம். அரை மணி நேரம் பேசியிருக்கலாம்." கையைத் துடைத்துக்கொண்டார். "கடைசியா அவகிட்ட என்ன பேசினேன்னு யோசிச்சுப் பாக்கிறேன். பதினாலு கிலோன்னு சொன்னதுதான் ஞாபகம் வருது."

மைத்துனன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"இது மட்டும் முடியட்டும். முதல் வேலையா அவளைக் கூட்டிட்டு அந்த மேட்டுக்குப் போறேன்" என்று எழுந்து மறுபடியும் வண்டிக்கு அடியில் போனார்.

மறுநாள் கேஸ்கெட் தேடி வெளியூர் போய், அதற்கு மறுநாள் காலைதான் திரும்பினார். ஷெட்டு வாசலில் வண்டி நின்றது. பழைய ஏர் பெட்டி, பழைய சைலன்சர், எங்கிருந்தோ வாங்கி மாட்டிய வேறொரு ஹெட், ஓட்டையில்லாத பானெட். சீட்டும் உள்ளே ஏறியிருந்தது. பின்னால் அரை டன் மணல் மூட்டை.

"ஓட்டிப் பாருங்க மாமா" என்றான் மைத்துனன், தரையைப் பார்த்துக்கொண்டு.

மேடு வந்தது. மூன்றாவது கியர். வண்டி முனகவில்லை, இருமவில்லை, மாடிப்படி ஏறுகிற பூனையைப் போல ஏறியது. அந்தப் பஸ்ஸே முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டினார். கண்டக்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "பாத்தியா?" என்று சொல்லியபடியே பிக்கப்காரர் பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

மீதி மேட்டை அவர் சந்தோஷமில்லாமல்தான் ஏறினார்.

திரும்பி வந்து மைத்துனனின் தோளைப் பிடித்தார். "அவளைக் கூட்டிட்டு வரப் போறேன். அதுக்கு முன்னாடி சொல்லு. என்னடா பண்ணின?"

"டீசல் ஃபில்டரை மாத்தினேன் மாமா. அடைச்சிருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. மத்ததெல்லாம் நீங்க மாத்தினதைத் திருப்பி மாத்தினதுதான்."

"ஃபில்டர் மாத்த எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம்."

பிக்கப்காரர் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே."

"முதல் நாளே தெரிஞ்சும் எட்டு மாசம் என்னை இப்படி... ஏன்டா? நான் உனக்கு என்னடா பாவம் பண்ணினேன்?"

மைத்துனன் பஞ்சர் கடைப் பக்கம் பார்த்தான். அவன் மனைவி டயர் கழற்றும் கம்பியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"நீ போய் டியூபைப்..." என்று ஆரம்பித்தவன், அவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

"இவரைத் திட்டாதீங்கண்ணா. வண்டி நின்னா நீங்க பத்து நாளாவது வீட்ல இருப்பீங்கன்னு, ஃபில்டரை மாத்தாதேன்னு சொன்னது அண்ணிதான். 'ஓடுற வண்டியா இருந்தப்போ ராத்திரிச் சாப்பாட்டுக்காவது வீட்டுக்கு வந்தாருடா, மாத்திக் குடுத்துடு'ன்னு முந்தாநாள் ராத்திரி எங்க வீட்டுக்கு வந்து அழுததும் அண்ணிதான்."