ரபீக்காவின் பத்து நகங்கள்

எண்பதாம் ஆண்டு மார்கழி மாதம், கிண்ணியா ஊர் அபூதாஹிர் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தான். மனைவி ரபீக்காவை இரண்டு வருட வேலைக்குக் குவைத்துக்குப் போகவிடக் கூடாது. ஆனால் ‘போகாதே’ என்று அவளிடம் சொல்லவும் கூடாது. முதலாவதுக்குக் காரணம் அன்பு. இரண்டாவதுக்குக் காரணம் பயம். ஒன்பது வருடத் தாம்பத்தியத்தில் ரபீக்காவிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லி அவன் ஒருமுறைகூட வென்றதில்லை.

அவள் போக நினைத்தது ஏழு வயது மகள் ஸல்ஹாவுக்காக. அந்த ஊரில் மாப்பிள்ளை வரவேண்டுமென்றால் பெண் பேரில் ஒரு கல்வீடு வேண்டும். இவர்களுடையதோ ஓலை வீடு. மாரி தொடங்கினால் ஆறு இடத்தில் சட்டி வைக்கவேண்டும். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் வள்ளத்தில் உழைத்து, ஏழு வருடத்தில் அவன் வெட்டியது அத்திவாரம் மட்டும்தான். அதிலும் தவளைகள் குடிவந்துவிட்டன.

வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் கொழும்புச் சீமாட்டி, ஊரார் சொல்லில் ‘நோனா’, வியாழக்கிழமை திருகோணமலைப் பட்டினத்துக்கு வருவதாக இருந்தது. நோனா முதலில் கையைத்தான் புரட்டிப் பார்ப்பாளாம். போன மாதம் ஒரு பெண்ணை, “இது வேலை செய்யிற கை இல்ல” என்று திருப்பி அனுப்பினாளாம். பக்கத்து வீட்டு உம்மு குல்சும் வேலிக்கு மேலால் சொன்ன இந்தச் செய்திதான் அபூதாஹிரின் மூளையைத் திறந்துவிட்டது.

மறுநாளே ஒரு கிரேக்கக் கப்பல்காரனுக்குப் பன்னிரண்டு செவ்விளநீர் கொடுத்து, இரண்டு போத்தல் கியூடெக்ஸ் நகப்பூச்சு வாங்கினான். ஒன்று கறுப்போ நீலமோ என்று சொல்லமுடியாத இருட்டு நிறம். மற்றது வெள்ளி மினுக்கம். கறுப்பைப் பூசிக் காயவிட்டு அதன்மேல் மினுக்கத்தைப் பூசவேண்டும், தங்கள் நாட்டில் பனிக்காலத்தில் பெண்கள் இப்படித்தான் பூசுவார்கள் என்று கப்பல்காரன் கையாலும் கண்ணாலும் விளக்கினான்.

புதன்கிழமை பின்னேரம். வெளியே மழை.

“கையக் கொண்டா புள்ள.”

“என்னத்துக்கு?”

“கியூடெக்ஸ். குளிர்காலத்துக்குப் போடுறது.”

“உங்களுக்கென்ன பைத்தியமா? இதப் பூசினா நகத்தில தண்ணி படாது, ஒளு எடுக்க ஏலாதே. தொழுறது எப்பிடி?”

“இந்தக் கெழமை உனக்குத் தொழுகை இல்லதானே?”

ரபீக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மாதவிலக்கு நாளெல்லாம் எண்ணி வைத்திருக்கிறானே மனுசன்! கையை நீட்டினாள்.

அபூதாஹிர் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பூசினான். உரலும் அம்மியும் தேய்த்த விரல்கள். இரண்டு வருடம் இந்த விரல்களைக் காணாமல் இருப்பது எப்படி என்று நினைத்து, பூசி முடித்த விரலையும் விடாமல் பிடித்திருந்தான். கறுப்பு காய்ந்ததும் மினுக்கத்தை ஒன்றுக்கு மூன்று தரம் பூசினான். அவ்வளவு லேசில் அது கழன்றுவிடக் கூடாதல்லவா?

கழலவும் இல்லை. விடியற்காலையில் ரபீக்கா மண்ணெண்ணெய் போட்டாள். தேங்காய்ப் பொச்சால் உரசினாள். மினுக்கம் அசையவில்லை. அபூதாஹிர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தான். பாதைப் படகில் களப்பைக் கடந்து பட்டினம் போகும்வரை அவன் வராத கவலையை வரவழைத்துக்கொண்டே இருந்தான்.

நோனா இருந்த வீட்டுக்குள் ரபீக்கா போனாள். அவன் தாழ்வாரத்தில் நின்றான். கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள்.

“என்னவாம் புள்ள?”

“கையப் பாத்தா.”

“பாத்திட்டு?”

“இத ஆர் பூசினதெண்டு கேட்டா. நான்தான் எண்டு சொன்னன்.”

“பிறகு?”

“குவைத்தில ஒரு பெரிய வீடாம். மூண்டு குமருகளாம். அதுகளச் சோடிக்கத் தெரிஞ்ச பொம்புளைதான் வேணுமாம். குசினி வேலை இல்லயாம். தை மாசம் பிளேன்.”

அபூதாஹிர் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“ஒம்பது வருசத்தில ஒரு கொண்ட ஊசி வாங்கித் தராத மனிசன்,” என்றாள் ரபீக்கா. “கியூடெக்ஸோட வந்து நிக்கக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு.”

“விளங்கிட்டெண்டா ஏன் புள்ள கையத் தந்தனீ?”

“ஒவ்வொரு விரலா நீங்க பிடிச்ச பிடியப் பாத்தன். கைய எடுக்க மனம் வரல்ல.”

“போகாத எண்டு வாய் திறந்து சொல்லியிருந்தா நிண்டிருப்பியா?”

ரபீக்கா முக்காட்டை இழுத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

“இல்ல. அப்பவும் போயிருப்பன். ஆனா நேத்தே அழுது முடிச்சிருப்பன்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. அபூதாஹிரோ தெருவென்றும் பாராமல் சாரன் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். போவோர் வருவோர் யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்று நினைத்து விலகிப் போனார்கள். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“இஞ்சேருங்க, அழுறத்துக்கு ரெண்டு வருசம் கிடக்கு. இப்ப ஒரு பெரிய கரச்சல் இரிக்கு.”

“என்ன?”

“பூசினது நான்தான் எண்டு நோனாட்டச் சொல்லிட்டன். எனக்கெங்க பூசத் தெரியும்? தை மாசத்துக்கிடையில நீங்கதான் படிப்பிச்சுத் தரணும்.”

அபூதாஹிர் மூக்கைத் துடைத்தான். அவள் விரல்களைக் கையில் எடுத்தான்.

“முதல்ல கறுப்பு,” என்றான்.