அரக்கு முத்திரை மின்சாரம் தந்த வரலாறு

மின்சாரத்தின் மகிமையைக் குடிமக்களுக்கு எடுத்துரைக்கும் உயரிய நோக்கத்தோடு அரசாங்கம் ஒரு வண்டி செய்வித்தது. லொறியின் முதுகில் ஒரு குட்டி வீடு. உள்ளே கட்டில், மேசை, மின்விளக்கு, மின்விசிறி, மின்சாரக் கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி, சுவரிலே மூன்று பிளக். மின்சாரம் உண்டாக்க வண்டியின் பின்புறம் ஓர் எஞ்சின். அதில் குடியிருந்து ஊர் ஊராகப் போகும் அதிகாரி வினாயகமூர்த்தி. வண்டியை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் காத்தான்குடி முகைதீன்பாவா.

முகைதீன்பாவா நாலு வருஷமாகத் தற்காலிகம். 1938ஆம் ஆண்டு ஆவணியில் கிரான் கிராமத்தில் நடக்கும் மின்சாரக் காட்சியைக் கொழும்புப் பெரிய துரை வந்து பார்த்து மெச்சினால் வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. மனைவி றமீஸா அதைக் கேட்டு அழுதே விட்டாள்.

காட்சி நாள் மத்தியானம். துரை வருவது நாலு மணிக்கு. சட்டைக் கோலர் தகடு மாதிரி விறைத்து நிற்பதுதான் அப்போது கொழும்பில் நாகரிகம். கிரான் வெயிலில் அது ஒரு மணித்தியாலமும் நிற்காது. ஆகவே வினாயகமூர்த்தி மூன்றாவது கோலருக்கு ஸ்திரிக்கை போட்டார். கூடவே தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கக் கேத்தலையும் மாட்டினார். வேர்க்கிறதே என்று விசிறியையும் முடுக்கினார். 'சட்' என்றொரு சத்தம். எல்லாம் செத்துப் போயின.

முகைதீன்பாவா விளக்கை மூன்று பிளக்கிலும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார். எரியவில்லை. அதே விளக்கை நேரே எஞ்சினில் கொடுத்தார். பளிச்சென்று எரிந்தது.

"எஞ்சின் நல்லம், விளக்கும் நல்லம் ஐயா. நடுவில பியூஸ்தான் போயிற்று. சுவரில இருக்கிற பியூஸ் பெட்டியத் துறந்து ஒரு கம்பி போட்டாச் சரி."

"துறக்கிறதோ? அதில அரக்கு முத்திரை இருக்கு. உடைச்சா உனக்கு வேலை போயிரும்."

"உடைக்காட்டி விளக்கு எரியாதே ஐயா."

"எரியாட்டி நிரந்தரம் போயிரும்." வினாயகமூர்த்தி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "கொழும்பு இன்ஜினியர்தான் துறக்கலாம். அவரைக் கூப்பிட முதல், வண்டி பழுதெண்டு வண்டியின்ட விளக்கு வெளிச்சத்தில பாத்து உறுதிப்படுத்த வேணும்."

"விளக்கு எரிஞ்சா அதில பழுதே இல்லையே ஐயா?"

"ஓம். எரியாட்டி உறுதிப்படுத்த ஏலாது. அப்ப விதிப்படி பழுது இல்லை." மனம் குளிர்ந்தவராய் அதிகாரி ஈரக் கோலரோடு துரையை எதிர்கொள்ளச் சந்திக்கு நடந்தார்.

முகைதீன்பாவா முத்திரையை முறைத்துப் பார்த்தார். நாலு வருஷத்தை ஒரு சொட்டு அரக்கு தின்னப் போகிறதே! முன்னிடம் பிடிக்கப் பாயோடு வேளைக்கே வந்திருந்த வயற்காரி கண்ணகை எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, பொட்டியத் துறக்க ஏலாதா?"

"முன்னுக்குச் சீல் வெச்சிருக்கு அக்கா."

"பின்னுக்கு?"

பின்னுக்கு நாலு திருகாணிதான். முகைதீன்பாவா பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பினார். திருகாணிகளைக் கண்ணகை முந்தானையில் ஏந்திக்கொண்டாள். கால் மணித்தியாலத்தில் புதுக் கம்பி போட்டு, பெட்டியைப் பழையபடி பூட்டியாயிற்று. முத்திரையில் ஒரு கீறலும் இல்லை.

நாலு மணிக்கு விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, சனம் கைதட்டியது, துரையும் மெச்சினார். துரையோடு வந்த வினாயகமூர்த்தி வாயைப் பிளந்தார். பிறகு முத்திரையைத் தடவிப் பார்த்தார். வேலை போய்விடும் என்று பயந்த முகைதீன்பாவா திருப்புளியை இடுப்பில் செருகி மறைத்தார்.

அதிகாரி கொழும்புக்கு அறிக்கை எழுதினார்: "பழுதுபட்ட வண்டி, முத்திரை உடைக்கப்படாமலே சீரடைந்தது." கொழும்பு ஆழ்ந்து ஆராய்ந்து ஒரு சுற்றறிக்கை விடுத்தது. இனிமேல் பழுதுபடும் அரசாங்கப் பொருள்கள் யாவும் அரக்கு முத்திரையிடப்பட்டுத் தாமாகச் சீரடைய விடப்படும். அதன்படி பழுது பார்ப்போர் தேவையில்லையாதலால் முகைதீன்பாவாவின் வேலை நிரந்தரமாக நீக்கப்படுகிறது.

அவர் பதறிப்போய் உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டார். பதில் உடனே வந்தது: "முத்திரை உடையாதிருப்பதால் பெட்டியை எவரும் திறக்கவில்லை. முத்திரை செய்த வேலைக்குத் தாங்கள் உரிமை கோருவது குற்றம். சாட்சி உண்டாயின் சமர்ப்பிக்கவும்."

கிரானுக்கு ஓடினார். கண்ணகை நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் திருத்தினத நீங்க கண்ணால கண்டயள்தானே? ஒரு கடதாசியில ஒப்பம் வெச்சுத் தாங்க."

"கண்டன்தான் தம்பி. இல்லையெண்டு சொல்லுவனா? ஆனா எங்கட குளக்கட்டு உடைஞ்சு மூணு வருஷம். அதுக்கு ஒரு சீல் வெச்சுத் தாங்கெண்டு இருநூறு பேர் மனு எழுதியிருக்கம். இப்ப நான் போய்ச் சீல் ஒண்டும் செய்யல்லையெண்டு சொன்னா, குளத்துக்குச் சீல் தருவாங்களா?"

முகைதீன்பாவா மனதுக்குள் கணக்குப் போட்டார். மாரிமழை நெருங்குகிறது, கையில் வேலை இல்லை, காத்தான்குடியில் வீட்டுக் கூரை ஒழுகுகிறது.

"அந்த மனுவ இஞ்ச தாங்க அக்கா" என்றார். கடைசிப் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதி, கூரைக்கும் ஒரு முத்திரை கேட்டு, அழுத்தி ஒப்பம் வைத்தார்.