வரப்பு கராத்தே

உலகத்தில் சண்டை சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் எதிரியை எங்கே அடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், அவனை எங்கே விழவைப்பது என்று யோசித்த ஒரே மனிதர் எங்கள் வரப்பு மாஸ்டர்தான். பாபநாசம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

தொழில் பம்புசெட் மெக்கானிக். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் கராத்தே கற்று, பிரவுன் பெல்ட்டோடு ஊர் திரும்பியவர். பிளாக் பெல்ட் ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், "கருத்து வேறுபாடு சார்" என்பார். காலைச் சுழற்றி உதைக்கும் உதையை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையாம்.

"நீங்களே சொல்லுங்க சார். நம்ம பக்கம் ஒருத்தன் வம்புக்கு வந்தா எங்க வருவான்? வரப்புல வருவான். ஒரு அடி அகலம். இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் வாய்க்கா. அதுல காலைச் சுத்தினா என்ன ஆவும்?"

"விழுவோம்."

"அந்த உதையைக் கண்டுபுடிச்சவன் நஞ்சை நிலத்தையே பாத்ததில்ல சார்."

தோளில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் வரப்பில் நடந்த கால்கள் அவருடையவை. அந்த நடையிலிருந்துதான் தம் சாஸ்திரத்தை உருவாக்கினார். ஒரு பாதம் நேராக, ஒரு பாதம் குறுக்காக, முழங்கால் தளர்ந்திருக்கும், இடுப்பு தணிந்திருக்கும். தள்ளுகிறவனைத் திருப்பித் தள்ளக் கூடாது. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சட்டென்று உட்கார்ந்துவிட வேண்டும். மிச்சத்தை அவனுடைய வேகமே பார்த்துக்கொள்ளும். "சேத்துல விழுந்தவன் சண்டை போடமாட்டான் சார். செருப்பைத் தேடுவான்."

அவரிடம் பெல்ட் கிடையாது. சேறுதான் அளவு. கழுத்துவரை சேறென்றால் புதுசு. இடுப்புவரை என்றால் தேறிவருகிறார். முழங்காலோடு நின்றால் மூத்த மாணவர். வெள்ளை வேட்டியோடு வந்து வெள்ளை வேட்டியோடு வீடு திரும்புகிறவர் மாஸ்டர். அப்படித் திரும்பியவர் அவர் ஒருவர்தான்.

குறுவை நடவுக்கு முன்னால் தண்ணீர் கட்டி உழுதுபோட்ட வயல்தான் எங்கள் பயிற்சிக்கூடம். விடியலில் அந்தச் சேற்றுக்குள் வானம் முழுசாக இறங்கிக் கிடக்கும். கொக்குகள் அதன்மேல் நடக்கும். காலையில் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சர்க்கரையைக் குறைக்க நான் சேர்ந்தேன். தினமும் அந்த வானத்தில் விழுந்தேன். நாங்கள் விழுந்து புரண்டதில் ஒரு சால் உழவு மிச்சம் என்று வயல்காரர் சந்தோஷமாக இருந்தார்.

ஒருமுறை ஆசைப்பட்டு எங்களைக் கும்பகோணத்துப் போட்டிக்கு அழைத்துப்போனார். மண்டபம் முழுக்க விரிப்பு. நடுவில் எங்களில் ஒருவனான எலக்ட்ரிக் கடை சேகர் நின்றான். எதிராளி அவனைச் சுற்றிச் சுற்றி வந்து அடித்தான். சேகரோ கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டின்மேல் முன்னே போனான், பின்னே வந்தான். பக்கவாட்டில் ஒரு இம்மி நகரவில்லை.

"தம்பி, விலகி ஆடு!" என்று நடுவரே பரிதாபப்பட்டுக் கத்தினார்.

"பக்கத்துல வாய்க்கா சார்!" என்று அடிவாங்கிக்கொண்டே சொன்னான் சேகர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சேகர் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தான். பாபநாசம் நெருங்கியதும் மாஸ்டர் வாயைத் திறந்தார். "மண்டபம் கட்டுனவன் வரப்பு போடாம விட்டான். அது நம்ம குத்தமா?"

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில்தான் வசந்தா அக்கா வந்து சேர்ந்தார். அங்கன்வாடி டீச்சர், மாஸ்டரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ரோட்டிலிருந்து அவருடைய மையத்துக்கு வரப்பு வழி போனால் கால் மணி நேரம். ஆனால் பாதி வழியில் ஒரு மதகு. அதில் காலையிலேயே குடித்துவிட்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். குறுக்கே காலை நீட்டி, "உரசிக்கிட்டுப் போங்க டீச்சர்" என்பான். ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னதற்கு, "வேற வழியா போறதுதானே" என்றார்களாம். சில மாதங்களாக வேறு வழியில்தான் போய்க்கொண்டிருந்தார்: பஸ் மாறி, ஊரைச் சுற்றி. அவர் போய்ச் சேரும்போது பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்திருக்கும்.

"மெடல் எல்லாம் வேணாம் தம்பி. எனக்கு அந்த வரப்புல போவணும். அவ்வளவுதான்."

மாஸ்டர் அன்று சிரிக்கவில்லை. மறுநாளே எங்கள் எல்லோருக்கும் பயிற்சி நின்றது. நாங்கள் எல்லோரும் குடிகாரர்கள் ஆனோம்.

"சார், நீங்க காலை நீட்டி மறிங்க. இன்னும் தள்ளாடணும். குடிகாரன் மாதிரி வாங்க சார், கவிதை எழுதறவர் மாதிரி வராதீங்க."

வசந்தா அக்காவுக்குக் கால் படிந்துவிட்டது. குரல்தான் எழவில்லை. "குரல்தான்க்கா முதல் அடி. கிளி ஓட்டுற மாதிரி கத்துங்க" என்றார் மாஸ்டர். அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார்.

"அய்யோ அக்கா, சத்துமாவா குடுக்கறீங்க?"

"வாயில வரமாட்டேங்குது தம்பி, என்ன பண்ண?"

என்னை மட்டும் அக்கா எத்தனை தடவை சேற்றில் போட்டார் என்பது என் கண்ணாடிக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை. "இன்னிக்குப் போறேன்" என்றார் அக்கா. கூட வருகிறோம் என்று கிளம்பியவர்களை மாஸ்டர் தடுத்தார். "நாம போனா அது நம்ம வரப்பா ஆயிடும். அவங்க போவட்டும்." நாங்கள் ரோட்டோர டீக்கடையில் நின்றோம். பச்சை பிடிக்காத சேற்று வெளியின் நடுவே அக்காவின் ஊதாப் புடவை சிறுத்துக்கொண்டே போனது. மதகில் ஒரு உருவம் எழுந்தது. மாஸ்டர் காலி டம்ளரிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு புள்ளிகளும் எதிரெதிரே நின்றன. ஒன்று மற்றதன்மேல் கை வைத்தது. திடீரென்று ஊதாவைக் காணவில்லை.

"அக்கா விழுந்துட்டாங்க!" என்று அலறினான் சேகர்.

"விழல. உக்காந்திருக்காங்க" என்றார் மாஸ்டர்.

அடுத்த கணம் இன்னொரு புள்ளி வரப்பிலிருந்து மறைந்தது. சேறு மட்டும் ஒருமுறை எழும்பி அடங்கியது. ஊதா மெல்ல எழுந்தது, புடவையைத் தட்டியது, கீழே குனிந்து என்னவோ சொன்னது. பிறகு நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அவன்கிட்ட என்னக்கா சொன்னீங்க?" என்று மறுநாள் கேட்டோம்.

"'பாத்து எந்திரிங்க, வழுக்கும்'னேன். வேற என்னத்தச் சொல்ல?"

முந்தின நாள் டீக்கடையில் நாங்கள் குதித்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் பின்பக்கம் போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார். கண்ணில் டீசல் பட்டுவிட்டது என்றார். அன்று அவர் எந்த மோட்டாரையும் தொட்டிருக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த ஆள் மதகுப் பக்கம் வருவதில்லை. குறுவை அறுத்து, சம்பாவும் அறுத்தாயிற்று. அங்கன்வாடிக் கதவு நேரத்துக்குத் திறக்கிறது. ஆனால் தினமும் அக்கா போகிற நேரத்துக்கு மதகுக்குப் பக்கத்து வயலில் மாஸ்டர் மண்வெட்டியோடு நிற்கிறார். கேட்டால் மடை திருப்புகிறேன் என்கிறார். வயல் அவருடையதில்லை. அதில் இப்போது உளுந்து. பனியிலேயே விளைகிற உளுந்துக்கு எதற்கு மடை என்று நான் கேட்பதில்லை. மண்வெட்டியை வாங்கி நானும் இரண்டு கொத்து கொத்திவிட்டு, அக்கா மையத்துக்குப் போய்ச் சேரும்வரை அவரோடு நிற்கிறேன்.