இன்னொண்ணு அண்ணாச்சி

தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுணில் கல்யாணம் செய்துகொண்டவர்களில், மணவறையில் மூச்சை அடக்கிச் சிலையாக உட்காராத ஒருவர்கூட இருக்க முடியாது. காரணம், எங்கள் தெருமுனையில் ஸ்டுடியோ வைத்திருந்த ‘இன்னொண்ணு அண்ணாச்சி’.

ஒரு படம் எடுப்பார். காமிராவோடு நாலு விரல் தள்ளி நகர்வார். “ஆடாதீய, இன்னொண்ணு!” என்பார். அதே படம்தான். நடுவில் யாராவது தும்மினால் முதலிலிருந்து ஆரம்பம். புகை எரிச்சலில் கண்ணைக் கசக்கிய ஒரு மாப்பிள்ளையை, “அதுக்குள்ள அழுதா எப்படிவே? இனிமதான இருக்கு” என்று கூட்டத்துக்கு முன்னாலேயே கடிந்துகொண்டார்.

நகர்வதற்குக் காரணம் இருந்தது. நம் இரண்டு கண்ணும் ஒரே பொருளைச் சற்று வேறு வேறாகப் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்டே, எது தூரத்தில் என்று மூளை தீர்மானிக்கிறது. அதேபோல இரண்டு படம் எடுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகக் காட்டினால், தட்டையான படத்தில் மூளை ஆழத்தைக் கண்டுவிடும். இன்று தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கிற கருவிகளிலும் இதே சூட்சுமம்தான். அண்ணாச்சி ஓர் அட்டைப் பெட்டியிலும் இரண்டு பூதக்கண்ணாடியிலும் காரியத்தை முடித்திருந்தார்.

என் கல்யாணத்துக்கும் அவர்தான். குத்துவிளக்கு இரண்டு, வாழைமரம் இரண்டு, மாலையோடு பெண் இரண்டு. நான் தாலியைக் கையில் எடுத்ததும் காமிராவை இறக்கினார்.

“மாப்ளே, ரோலு முடிஞ்சிட்டு. பைய கட்டுங்க, மாத்திருதேன்.”

கெட்டிமேளம் யாருக்காகக் காத்திருக்கும்? கட்டிவிட்டேன்.

விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்த என் மாமனாருக்கு ஒரே மகள். “எம் மகளுக்குத் தாலி ஏறுனதுக்குப் படம் இல்ல, வாழமரத்துக்கு ரெண்டு படமாவே?” என்று மண்டபமே அதிரக் கத்தினார். ஊருக்குப் போகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அவர் மகளைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பெட்டியும் கையுமாக அண்ணாச்சி வந்து நின்றார்.

“மிச்சத்தைப் பொறவு ஏசுங்க. முதல்ல இதைப் பாருங்க.”

மாமனார் வேண்டாவெறுப்பாகக் கண்ணை வைத்தார். மாலைக்குப் பின்னே மகள், அவளுக்குப் பின்னே எட்டத்தில் பந்தல். அவர் கை தானாக நீண்டு, அவள் கன்னத்தைக் காற்றில் தேடியது.

“இங்கனயே இருக்காளே...”

அடுப்படியிலிருந்து என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். “செத்தோடம் பொறு தாயி, எம் மகளைப் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார்.

வாசல்வரை போய் அண்ணாச்சியை வழியனுப்பினேன். “உங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“எனக்கு எங்க தெரியும்? சின்னதுலேயே மாறுகண்ணு. எம் மூளை ஒத்தக் கண்ணைத்தான் நம்பும். எல்லாப் படமும் தட்டைதான்.”

“அப்போ படம் சரியா வந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பிய?”

“பாக்கவங்க கை நீளும்லா? அதை வச்சுத்தான்.”

அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்தைக் காட்டினாலும், அதில் ஆழம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நான் ஒரு தடவை கையை நீட்டிவிடுவேன்.